தின்னது சேர்த்தி இல்லை

எங்கள் பக்கத்தில் யாரும் குண்டாக இருப்பதில்லை. பூசினாற்போல இருப்பார்கள். கொஞ்சம் தாட்டியாக இருப்பார்கள். "வாக்கான ஒடம்பு" என்பார்கள், "நீர் ஒடம்பு, தொட்டா அமுங்கும் பாருங்க" என்பார்கள், "மூணாவது பிரசவத்துக்கப்பறம் ஊதுனது, அப்படியே நின்னுக்கிச்சு" என்பார்கள். குண்டு என்ற சொல்லைச் சண்டையில் மட்டும்தான் எடுப்பார்கள். அதுவும் ஆள் தெருமுனை தாண்டிய பிறகுதான்.

இந்தச் சொற்களெல்லாம் தினமும் என் கடைக்கு ஜாக்கெட் தைக்க வரும். நான் லேடீஸ் டெய்லர். ராசிபுரத்தில், பஸ் ஸ்டாண்டிலிருந்து பேசிக்கொண்டே நடந்தால் பேச்சு முடிவதற்குள் வந்துவிடுகிற தூரத்தில், ஒரு மேட்சிங் சென்டருக்கு மேல்மாடியில் என் கடை. கீழே பாய் கடையில் ஜாக்கெட் துணி எடுப்பார்கள், மேலே வந்து என்னிடம் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு உடனே போகமாட்டார்கள். உட்கார்ந்து ஒரு பேச்சு, எழுந்து ஒரு பேச்சு, படியில் நின்று ஒரு பேச்சு. எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு குறைச்சல். இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பாதி உலகத்தைத் தெரிந்துகொண்டேன்.

ஜாக்கெட் கொடுக்க வருகிறவர்களில் பலர் உடம்பில் டேப் வைக்க விடமாட்டார்கள். பையிலிருந்து ஒரு பழைய ஜாக்கெட்டை எடுத்து நீட்டுவார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். "இதே அளவுக்குத் தச்சிருங்க, ஒரு நூல் கூடக்கொறைய வேண்டாம்" என்பார்கள். அந்த ஜாக்கெட் மகள் வயதுக்கு வந்த சீருக்குத் தைத்ததாக இருக்கும். அந்த மகளின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாள். அந்த அளவுக்கே தைத்தால் கொக்கி மாட்டாது. மாட்டாவிட்டால் பழி டெய்லர் மேல்தான் விழும். அதனால் ஆள் படியேறி வரும்போதே கண்ணால் அளந்துவிடுவேன். அளவு ஜாக்கெட்டை மரியாதைக்கு மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் தாராளமாகத் துணி விட்டு வெட்டுவேன். அவர்கள் போட்டுப் பார்த்து, "பாத்தீங்களா, எனக்கு இன்னமும் அதே அளவுதான்" என்பார்கள். "ஆமாங்க, அப்படியேதான் இருக்கறீங்க" என்பேன். பொய்தான். ஆனால் தையல்காரியின் வாயில் அந்த அளவு பொய் இல்லாவிட்டால் உப்பில்லாத ரசம்போல ஆகிவிடும் தொழில்.

ஊருக்குச் செய்ததை எனக்கும் செய்துகொண்டேன், அதில்தான் வினை. என் ஜாக்கெட் இறுக்கிப் பிடித்தால் பக்கத் தையலைப் பிரித்து ஒரு விரல் தள்ளி ஓட்டிக்கொள்வேன். அடுத்த ஜாக்கெட்டை வெட்டும்போது அந்தப் பிரித்த ஜாக்கெட்டையே அளவுக்கு வைப்பேன். அதிலும் உள்ளே துணி விடுவேன். அதுவும் பிடிக்கும், அதையும் பிரிப்பேன். இப்படி என் அளவு ஜாக்கெட்டும் நானும் கைகோத்துக்கொண்டு பெருத்தோம். ஊரில் எல்லாருக்கும் அளவு மாறியது. எனக்கு மட்டும் மாறவே இல்லை, அளவே என் கூட நடந்து வந்தால் எப்படி மாறும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் சேலையில் மறைத்தேன்.

காரணத்துக்கும் பஞ்சமில்லை. அப்பா வகையில் எல்லாருக்குமே இந்த உடம்புதான் என்பேன். அது பாதி உண்மை. மிஷினுக்கு மோட்டார் மாட்டிய பிறகு காலுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது என்பேன். அதுவும் உண்மைதான். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த காரணம் தைராய்டு. டெஸ்ட் எடுத்ததில்லை. எடுக்காமலே எனக்குத் தைராய்டு இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம், "தண்ணி குடிச்சாலே ஒடம்பு போடுதுங்க எனக்கு" என்று ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். மூலையில் கொக்கி கட்டிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமலே கேட்டார்:

"எந்தத் தண்ணி அம்மிணி? பஜ்ஜி மாவு கரைக்கற தண்ணியா?"

இந்த அக்கா வெண்ணந்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து எனக்குக் கைத்தையல் போடுகிறவர். என்னைவிட மூத்தவர். தறிக்காரர் வீட்டில் பிறந்து தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ரகசியம் சொன்னால்கூடக் கீழே பாய் கடைக்குக் கேட்கும்.

எங்கள் மாடிப்படி கொஞ்சம் செங்குத்து. நடுவில் திரும்புகிற இடத்தில் ஒரு சின்னத் தளம் உண்டு. ஒரு சமயத்தில் அந்தத் தளத்தில் நின்று போனைப் பார்க்க ஆரம்பித்தேன். போனில் ஒன்றும் இருக்காது. மூச்சு வாங்குவதை யாரும் பார்க்கக் கூடாது என்று போன். கொஞ்ச நாள் கழித்து மேட்சிங் சென்டர் பாய் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"ஏங்க்கா, தெனமும் அங்கயே நின்னு போன் பாக்கறீங்களே, அங்க மட்டும் டவர் நல்லாக் கெடைக்குதாக்கா?"

"ஆமாம் பாய், உங்க கடைல டவரே இல்ல."

"எங்க கடைல லைனிங் துணிதாங்க்கா இருக்கு" என்றார். மறுநாள் பார்த்தால் அந்தத் தளத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பாய் போட்டதுதான். உட்கார்ந்துகொண்டேன். பிறகு கயிற்றில் ஒரு பையைக் கட்டி ஜன்னல் வழியாக இறக்க ஆரம்பித்தேன். நூல் வேண்டுமா, கொக்கி வேண்டுமா, பை இறங்கும். பாய் போட்டு அனுப்புவார். காலையில் ஏறினால் சாயங்காலம் பொழுதோடு இறங்கினால் போதும் என்று ஆயிற்று. இதையும் நான் புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன்.

ஆடி மாதம் ஒருநாள் என் மகன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, குடும்பமும் அங்கேதான். அவன் படியேறி வந்த நேரம் நான் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன நாளா இது?" என்றான்.

"எது சாமி?"

"இந்த ஸ்டூலு."

"பாய் போட்டிருக்கறாரு. வாரவங்க உக்காரட்டும்னு."

"வாரவங்க எல்லாம் நேரா மேல போறாங்க. நீங்கதானம்மா உக்காந்திருக்கறீங்க."

அவன் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அவன் கோபப்படவில்லை. மேலே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னான். "இந்த முட்டி வலிய வெச்சுட்டு எதுக்கும்மா இந்தப் படி? அப்பா போனப்பறம் ஒண்டியா இங்க இருந்து என்ன பண்றீங்க? ஊட்டுல முன்னாடி ரூம உங்களுக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கறோம். தையில வேன் எடுத்துட்டு வாரேன். மிஷின ஏத்திக்கலாம்."

மருமகள் தங்கமான பெண். டிவியும் பெரிய டிவி. ஆனால் அந்த முன் ரூமில் உட்கார்ந்தால் யார் வந்து எனக்கு எந்த வீட்டுக் கதையைச் சொல்வார்கள்? சீமந்தத்துக்கு எந்த நிறம் எடுக்கலாம் என்று யார் கேட்பார்கள்? என் வீட்டுக்காரர் இறந்த வருஷத்தில் என்னை எழுந்து உட்கார வைத்தது இந்தக் கடைதான். வருகிறவர்கள் பேசிப் பேசியே என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். அதை மூடிவிட்டால் நான் யார்?

"தைக்குள்ள இந்தப் படிய எங்கயும் நிக்காம நான் ஏறிட்டன்னா?" என்றேன்.

அவன் படியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏறுனா பாக்கலாம்" என்றான். நம்பிச் சொன்னதாகத் தெரியவில்லை.

அடுத்த வாரமே அக்காவைக் கூட்டிக்கொண்டு சேலம் போனேன், ஃபேர்லேண்ட்ஸில் ஒரு முட்டி டாக்டரம்மாவைப் பார்க்க. டாக்டரம்மா கிழக்கத்திக்காரர், எங்கள் பக்கத்துப் பேச்சு பழகாதவர், சிரித்த முகம். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, முட்டி தேய்ந்திருக்கிறது, ஆனால் ஆபரேஷனுக்கு இப்போது அவசரம் இல்லை, எடை குறைந்தால் இதே முட்டியோடு ரொம்ப காலம் ஓட்டலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. "என்னம்மா சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

நான் ஒழுங்காகச் சொன்னேன். காலையில் இரண்டு இட்லி. மதியம் ஒரு கரண்டி சோறு, ரசம். ராத்திரி ஒரு தோசை, பசி இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எடை பார்க்கும் மிஷினை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "இவ்ளோதானா?"

"இவ்ளோதானுங்க. எனக்குச் சோத்தக் கண்டாலே ஆகாதுங்க."

அதுவரைக்கும் பொறுமையாக உட்கார்ந்திருந்த அக்கா வாயைத் திறந்தார். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. "ஏனுங்க டாக்டரம்மா, இந்த அம்மிணி உண்டத மட்டுந்தானுங்க சொல்லுது. தின்னதச் சொல்லலீங்க. தின்னதக் கேளுங்க."

டாக்டரம்மாவுக்கு நாங்கள் சண்டை போடுகிறோமோ என்று சந்தேகம். அவர் ஊரில் 'தின்றாயா' என்று கேட்டால் அது வசவாம். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. சோறு உங்கறது, பலகாரம் திங்கறது. இரண்டும் வேறு வேறு. இலை போட்டு, கை கழுவி, உட்கார்ந்து சாப்பிட்டால் உண்டது. நின்றுகொண்டு, பேசிக்கொண்டு, வேலைக்கு நடுவே வாயில் போட்டால் தின்னது. உண்டதுதான் சாப்பாடு. தின்னது சேர்த்தி இல்லை.

"என்ன தின்னாங்க?" என்று டாக்டரம்மாவும் எங்கள் சொல்லிலேயே கேட்டுவிட்டார். அக்காவுக்கு அது போதும்.

"கடை தொறந்ததும் டீயும் வர்க்கியுமுங்க. அப்பறம் பாய் கடைக்கு டீ வந்தா மேலயும் ஒண்ணு வரும், கூடவே சமோசாவும் வரும். பத்திரிகை வெக்க வாரவங்க லட்டு மிச்சரு குடுப்பாங்க. ஜாக்கெட்டு நல்லா அமைஞ்சிருச்சுன்னு ஒருத்தரு அல்வா கொண்டாருவாங்க. பொழுதோட தட்டுவடை செட்டு, அது ஒண்ணோட நிக்காதுங்க. மழ பேஞ்சா பஜ்ஜிங்க."

"மழ பேஞ்சாத்தானுங்க" என்றேன் நான்.

"தூறுனாலும்ங்க" என்றார் அக்கா.

"டாக்டரம்மா, தட்டுவடை செட்டுல ரெண்டு தட்டைக்கு நடுவால கேரட்டு பீட்ரூட்டெல்லாம் துருவிப் போடுவாங்க. காய்தானுங்க அது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வெளியே யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. "அம்மா, உண்டதும் தின்னதும் ஒரே வாய் வழியாத்தானே போகுது? வயித்துக்குத் தெரியுமா, நீங்க உட்கார்ந்து சாப்பிட்டீங்களா நின்னுக்கிட்டுச் சாப்பிட்டீங்களான்னு?"

இதில் விசேஷம் என்னவென்றால், நான் பொய் சொல்லவில்லை. யார் தலையில் வேண்டுமானாலும் கை வைத்துச் சத்தியம் பண்ணியிருப்பேன், ஒரு கரண்டி சோறுதான் என்று. நம் வீடுகளில், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், "இல்லீங்க, டிபன்தான் ஆச்சு" என்பார்கள். ஆறு பூரி உள்ளே போயிருக்கும். ஆனாலும் இன்னும் சாப்பிடவில்லை. அந்தப் பேச்சிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு, தின்னது கண்ணில் படாமலே போய்விட்டது. மறைத்தது நான்தான், ஆனால் மறைக்கிறேன் என்பது எனக்கே தெரியாது.

விடாமல், தைராய்டு டெஸ்ட் எடுங்கள் என்று கேட்டேன். எடுத்தார்கள். முடிவு வந்ததும், "நார்மல், ஒண்ணுமே இல்லை. சந்தோஷம்தானே?" என்றார் டாக்டரம்மா. எனக்குப் பொக்கென்று போய்விட்டது. உனக்கு நோய் இல்லை என்று சொன்னதைக் கேட்டு முகம் வாடிய ஆளை அவர் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார். புரிந்துகொண்டார்போல. மெதுவாகச் சொன்னார்: "தைராய்டு இருந்து ஏறுறவங்களும் இருக்காங்க, உங்களுக்கு அது இல்லை. உடம்பு வாக்கு உங்க அப்பா குடுத்தது, அது உங்க தப்பு கிடையாது. சிலருக்குச் சீக்கிரம் ஏறும், மெதுவாத்தான் இறங்கும். அது உங்க கையில இல்லை. ஆனா மிச்சம்?"

நான் பதில் யோசிப்பதற்குள் அக்கா சொன்னார்: "மிச்சம் கையிலயும் வாயிலயுந்தானுங்க இருக்குது."

வரும்போது பஸ்ஸில் நான் அக்காவோடு உட்காரவில்லை. முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு ராசிபுரம் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மறுநாள் அவர் எப்போதும்போல வந்து ஊசியில் நூல் கோத்தார். மதியம் வரை பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

"அத்தன பேர் முன்னால என் மானத்த வாங்கிட்டீங்களேக்கா."

"மானம் கிழிஞ்சா தச்சுக்கலாம். முட்டி கிழிஞ்சா?" என்றார். பிறகு, அவருக்குத் தெரிந்த மெதுவான குரலில், அதாவது சாதாரணக் குரலில் சொன்னார்: "நீ திருப்பூரு போயிருவ அம்மிணி. அங்க உனக்கு மகன் இருக்கான், மருமக இருக்கா, எடுத்துக் கொஞ்சப் பேரப்புள்ள இருக்குது. நான் வெண்ணந்தூர்ல தறிச் சத்தத்தக் கேட்டுட்டு எந்த மூஞ்சியப் பாத்துட்டு ஒக்காந்திருக்கறது? உன்ர மானத்தப் பாத்தா எனக்குப் போக்கெடமே இல்ல."

அவர் எழுந்து வந்து என் கழுத்திலிருந்த டேப்பை உருவினார்.

"கையத் தூக்கு."

"யாரு, நானா?"

"பின்ன, மிஷினா?"

நான் கடை போட்ட நாளிலிருந்து அந்த டேப் என் கழுத்தில்தான் தொங்குகிறது. ஒருநாள்கூட என்னைச் சுற்றியதில்லை. வழக்கமாக ஒருவர் அளவெடுத்தால் எண்ணை உரக்கச் சொல்லவேண்டும், இன்னொருவர் சாக்பீஸால் துணியில் குறிக்கவேண்டும். அக்கா டேப்பைச் சுற்றினார், இழுத்தார், பார்த்தார். எண்ணைச் சொல்லவில்லை.

"சொல்லுங்கக்கா."

"நீயே குனிஞ்சு பாரு."

பார்த்தேன். நாற்பத்தாறு. எங்கள் இருவருக்கும் அந்த எண் நன்றாகத் தெரியும். நாமகிரிப்பேட்டையிலிருந்து வருகிற ஒரு அம்மாவின் சுற்றளவு அது. அவர் துணியை விரிக்கும்போதெல்லாம், "இது ஜாக்கெட்டா, கண்ணாலத்துக்கு விரிக்கற ஜமுக்காளமா?" என்று நான்தான் ஆரம்பிப்பேன். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்காவின் வாய் கோணியது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "ஜமுக்காளம்" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான், இரண்டு பேரும் கட்டிங் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதில் கொஞ்சம் சிரிப்புத் தண்ணீர் இல்லை. அந்த நாமகிரிப்பேட்டை அம்மாவைப் பார்த்துச் சிரிப்பது அன்றோடு நின்றது.

அன்று பொழுதோடு தட்டுவடை செட்டு வந்தபோது ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் திங்கறது என்று ஒன்று கிடையாது. எல்லாம் உங்கறதுதான். எது வந்தாலும் சரி, கை கழுவ வேண்டும், சோற்றுத் தட்டில் வைக்க வேண்டும், மிஷினை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். தட்டுவடையை எவர்சில்வர் தட்டில் வைத்து எதிரே உட்கார்ந்தேன். சோற்றுத் தட்டில் உட்கார்ந்திருந்த தட்டுவடை சாட்சிக்கூண்டில் ஏற்றிய ஆள்போல என்னையே பார்த்தது. நின்றுகொண்டு தின்றால் எத்தனை போகிறதென்றே தெரியாத வாய், தட்டைப் பார்த்ததும் எண்ண ஆரம்பித்துவிட்டது. தைத்த துணியை வாங்கிப்போக வந்த ஒருத்தி எட்டிப் பார்த்து, "என்னுங்க்கா, தட்டு போட்டு தட்டுவடை உங்கறீங்க?" என்றாள். "உங்கறனுங்க, இதுதான் ராத்திரிச் சோறு" என்றேன். சொன்னபடி ராத்திரி தோசை ஊற்றவில்லை. பசித்தது. பசி என்றால் என்னவென்று ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு ஞாபகம் வந்தது.

கயிற்றுப் பையையும் அவிழ்த்துவிட்டேன். நூல் வேண்டுமென்றால் நானே இறங்குவேன். டாக்டரம்மா சொன்னபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல். பாய்க்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏங்க்கா, கொக்கிக்கு ஒருதரம், நூலுக்கு ஒருதரம். மொத்தமாக் கேட்டா எடுத்து வெச்சிருவேன்ல?"

"மொத்தமாக் கேட்டா ஒருக்கத்தான எறங்குவேன் பாய்?"

"அப்ப நான் கொக்கிய ஒவ்வொண்ணா விக்கறேன்" என்றார்.

எல்லாம் நேராகவே போயிற்று என்று சொன்னால் அதுவும் ஒரு அளவு ஜாக்கெட் பேச்சாகிவிடும். தீபாவளி வந்தது. எங்களுக்கு அது அறுவடைக் காலம். துணி மலைபோலக் குவியும், கூடவே ராசிபுரத்து நெய்யில் செய்த பலகாரமும் வீடு வீடாக வரும். நின்றுகொண்டே தின்றேன். ஒருநாள் இல்லை, சீசன் முழுக்க. தட்டு அலமாரியில் கவிழ்ந்தே கிடந்தது. "சீசன்ல ஆரு தட்டு கழுவறது?" என்றேன். "ஆசையாக் கொண்டாந்து குடுக்கறாங்க, வேண்டாம்னா மொகம் சுண்டிப் போயிருமல்லோ" என்றேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தால் கடையே மூடியதுபோல இருக்கும். தீபாவளி முடிந்த மறுநாள் படியேறும்போது பாதியில் கால் நின்றுவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தேன். கொண்டுவந்தது அவர்கள் கை, சரி. டப்பாவைத் திறந்தது யார் கை? என் முட்டி வலிக்கும்போது அவர்களா வந்து ஏறப் போகிறார்கள்?

மேலே போய்த் தட்டை நிமிர்த்திக் கழுவி வைத்தேன். "என்ன, மறுபடியுமா?" என்றார் அக்கா.

"பிரிச்ச தையல மறுபடி போடறது நமக்கென்னக்கா புதுசா?"

அதன்பிறகு யார் எது கொண்டுவந்தாலும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வேன், ஒரு விள்ளல் எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு மீதியை அடுத்து வருகிறவர்களுக்கு நீட்டிவிடுவேன். ஒருவர் முகமும் சுண்டவில்லை. அத்தனை நாள் அவர்கள் முகம் சுண்டுமே என்று நான் சொன்னதும் என் நாக்குச் சொல்லிக் கொடுத்த வசனம்தான்.

கார்த்திகை வாக்கில் ஊர் கவனிக்க ஆரம்பித்தது. பெருக்கும்போது வாயைத் திறக்காத ஊர், இறங்கும்போது சும்மா இருக்குமா? "ஏன் அம்மிணி, சுகரா?" என்று ஒருவர். "மனசுல ஏதாச்சும் கொறைங்களா?" என்று ஒருவர். "முன்னாடிதான் லட்சணமா இருந்தீங்க, இப்ப கன்னமெல்லாம் ஒட்டி..." என்று இன்னொருவர். முதலில் விளக்கம் சொன்னேன். பிறகு, "ஆமாங்க, திங்கறத உட்டுட்டனுங்க, உங்கறது மட்டுந்தான்" என்பேன். "அதான பாத்தேன்" என்று போய்விடுவார்கள். எவருக்கும் நான் புத்தி சொன்னதில்லை. அவரவர் உடம்பின் கதை அவரவருக்குத்தான் தெரியும். இப்போதும் யார் பழைய ஜாக்கெட்டை நீட்டினாலும் வாங்கி மேசைமேல் விரிக்கிறேன், பக்கத்தில் தாராளமாகத் துணி விடுகிறேன்.

ஒருநாள் காலையில் மேலே வந்து சாவியைத் திருப்பும்போது, ஸ்டூல் இல்லையே என்று தோன்றியது. இறங்கிப் போய்க் கேட்டேன். "அத எடுத்து ஒரு வாரமாச்சுங்க்கா, கடைப் பொண்ணு உக்கார எடமில்லாம நின்னுட்டிருந்துச்சு" என்றார் பாய்.

தை பிறந்தது. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சொன்னபடியே மகன் வேனோடு வந்து கடை வாசலில் நின்றான். மிஷினைக் கட்டுவதற்குக் கயிறுகூடக் கொண்டுவந்திருந்தான். நான் பாய் கடையில் நின்று லைனிங்குக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, படிக்காக இல்லை, அந்தக் கயிற்றைப் பார்த்து.

"வா சாமி, மேல போலாம்" என்று முன்னால் ஏறினேன். அவன் பின்னால் வந்தான், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, மரத்திலிருந்து விழப்போகிற பலாப்பழத்தைப் பிடிக்க நிற்கிறவன்போல. மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பேத்திக்கு முன்பல் முளைத்துவிட்டதா என்று கேட்டேன். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான், கண் மட்டும் என் காலிலேயே இருந்தது. திரும்புகிற தளத்தில் அவனே ஒரு நொடி நின்றான், நான் நிற்பேன் என்று. நான் பேசிக்கொண்டே திரும்பி ஏறிவிட்டேன்.

மேலே போனதும் கட்டிங் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"மூச்சு வாங்குதாம்மா?" என்றான்.

"வாங்குது சாமி. வாங்குனதத் திருப்பி உட்டுட்டுத்தான இருக்கறேன்?"

அக்கா கொக்கியைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கயிற்றை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். மிஷினைப் பார்த்தான். விரித்துக் கிடந்த துணியைப் பார்த்தான். "அப்ப அந்த முன் ரூமு?" என்றான்.

"விருந்தாளி, ஒறம்பற வந்தா படுக்கட்டும்" என்றேன். "நானும் ஒறம்பறயாத்தான் வாரேன். ரெண்டு நாளைக்கு. அப்பறம் கடையிருக்குது."

அவன் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான். பிறகு சிரித்தான். சின்ன வயதில் தோற்றுப்போனால் அழுகிற பையன், அன்றைக்குத் தோற்றுவிட்டுச் சிரித்தான்.

"தம்பி, சும்மா நிக்காதீங்க" என்றார் அக்கா, கீழே பாய் கடை வரை கேட்கிற குரலில். "மிஷின் பெல்ட்டு நெம்பத் தளந்து கெடக்குது. வந்தது வந்தீங்க, அத மாத்திட்டுப் போங்க."

ஏற்றிப்போக வந்த மிஷினுக்கு அடியில் அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கயிறு பக்கத்தில் கிடந்தது. பாய் கடையிலிருந்து புது பெல்ட் எடுத்துவர நான் மறுபடியும் கீழே இறங்கினேன்.